வண்டி கேள்வி-பதில்: ராத்திரியில் மட்டும் வரும் கருகல் வாடை

கேள்வி: சார், என்னுடையது 2014-இல் வாங்கிய 150 சிசி பைக். ராத்திரி வேலை முடிந்து பைபாஸில் வீட்டுக்கு வரும்போது, கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதுமே பிளாஸ்டிக் தீய்ந்த மாதிரி ஒரு வாடை வருகிறது. நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, இறங்கிச் சுற்றிலும் மோந்து பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை. காலையில் அதே ரோட்டில் போகும்போது வருவதே இல்லை. மெக்கானிக் கிளட்ச் பிளேட் போயிருக்கும் என்று மாற்றிக் கொடுத்தார், செலவானதுதான் மிச்சம். வண்டி இழுவையில் ஒரு குறையும் இல்லை. வெளிச்சம் பத்தவில்லை என்று ஹெட்லைட் பல்பை 100 வாட்டுக்கு மாற்றி, லெக் கார்டில் இரண்டு எல்இடி லைட்டும் போட்டிருக்கிறேன். ஐடிலில் நின்றாலும் ரேஸ் கொடுத்தாலும் வெளிச்சம் ஒரே மாதிரிதான். நடுவில் ஒரு தடவை ஃபியூஸ் போய், கடையில் சரிசெய்து கொடுத்தார்கள். வாடை எங்கிருந்து வருகிறது?
— வாசகர், மேலூர்

பதில்: பழைய 35 வாட் பல்பைத் திரும்பப் போடும்வரை ராத்திரியில் இந்த வண்டியை எடுக்காதீர்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன், முதலில் இதைச் செய்யுங்கள்.

கிளட்ச் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. பிளேட் தேய்ந்து வழுக்கினால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது, மேட்டில் இன்னும் நன்றாகத் தெரியும். பகலில் ஒழுங்காக இருந்துவிட்டு இருட்டினதும் வழுக்குகிற கிளட்ச் கிடையாது. அதன் வாடையும் வேறு மாதிரி, காகிதம் தீய்ந்தது போல இருக்கும், ஆயில் கேப்பைத் திறந்தால் ஆயிலிலேயே அடிக்கும். ஹெட் கவர் பேக்கிங் கசிந்து சைலன்சர் பைப்பில் ஆயில் சொட்டினாலும் கருகல் வாடை வரும்தான், ஆனால் அது பகல் ராத்திரி பார்க்காது, வண்டி நின்ற பிறகும் சூட்டில் புகைந்துகொண்டே இருக்கும். ரோட்டில் கிடந்த பாலிதீன் கவர் பைப்பில் ஒட்டிக்கொண்டாலும் அப்படித்தான், குனிந்து பார்த்தாலே கறுப்பாகத் தெரிந்துவிடும்.

உங்களுக்கு ராத்திரியில், ஓடும்போது மட்டும் வருகிறது, சாவியை எடுத்ததும் போய்விடுகிறது. ராத்திரியில் கூடுதலாக வேலை செய்வது லைட்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். வண்டி ஓடும்போது காற்று முன்னாலிருந்து பின்னால் போகிறது. பின்பக்கத்திலோ சைலன்சரிலோ ஏதாவது கருகினால் ஓட்டுகிற உங்களுக்கு அவ்வளவாகத் தெரியாது, சிக்னலில் நிற்கும்போதுதான் மூக்கில் ஏறும். ஓட்டத்திலேயே வாடை வருகிறதென்றால், பெரும்பாலும் உங்களுக்கு முன்னால், ஹெட்லைட்டிலோ ஹேண்டில்பார் பக்கத்திலோதான் சமாச்சாரம் இருக்கும். (2017 ஏப்ரல் முதல் வரும் வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிகிறது. அப்படி வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பகல்-ராத்திரி வித்தியாசம் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது.)

இப்போது காரணம். கம்பெனி பல்பு 35 வாட், 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். நீங்கள் போட்டிருப்பது 100 வாட், 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கரண்ட் மூன்று மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறினாலும், வயரிலும் கப்ளரிலும் (வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் மாட்டி) உண்டாகும் சூடு மூன்று மடங்கோடு நிற்காது, கிட்டத்தட்ட எட்டு மடங்கு ஆகிவிடும், ஏனென்றால் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறுகிறது. அந்த மெல்லிசு வயரும், பிளாஸ்டிக் ஹோல்டரும், சுவிட்சுக்குள் இருக்கும் சின்னத் தகடும் 35 வாட்டை நம்பிச் செய்யப்பட்டவை. அந்த 35 வாட் பல்பும் 60/55 வாட் எச்4 பல்பும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால் கடையில் எதைக் கொடுத்தாலும் மாட்டிவிடுகிறார்கள். ஐடிலிலும் வெளிச்சம் குறையவில்லை என்பதால் உங்கள் லைட் பேட்டரியிலிருந்து ஓடுகிறது, அதாவது 100 வாட்டையும் முழுசாக இழுக்கிறது. இந்த மாதிரி வண்டிகளில் இன்ஜினில் கரண்ட் தயாரிக்கும் மேக்னட் காயில் மொத்தமாகத் தருவதே நூற்றுச் சொச்சம் வாட்தான், அதில் பல்பே முக்கால்வாசியைச் சாப்பிட்டுவிட்டால் பேட்டரி என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பகல் வெளிச்சத்தில், வண்டி நன்றாக ஆறினபின், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டு ஹெட்லைட் டூமைத் திறங்கள். பல்புக்குப் பின்னால் இருக்கும் மூன்று கால் ஹோல்டரை நேராகப் பிடித்து இழுங்கள், வரவில்லை என்றால் உருகி ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். வெளியே வந்ததும் ஒவ்வொரு ஓட்டையையும் பாருங்கள். நல்ல ஹோல்டரில் மூன்றும் ஒரே அளவாக, ஓரம் கூர்மையாக இருக்கும். சூடான ஹோல்டரில் ஏதோ ஒரு ஓட்டையின் ஓரம் மட்டும் பழுப்பாகி, கொப்புளம் விட்டு, உள்ளே இருக்கிற பித்தளைத் தகடு பளபளப்பு போய் நீலமும் கறுப்புமாக இருக்கும். அந்த ஓட்டைக்கு வரும் வயரை இரண்டு விரலால் வளைத்துப் பாருங்கள், மற்ற இரண்டும் துவளும், இது மட்டும் விறைப்பாக நிற்கும், சில சமயம் மேல்தோல் படக்கென்று உடையும். மூக்கைக் கிட்டே கொண்டுபோனால் நீங்கள் பைபாஸில் பிடித்த அதே வாடைதான். வண்டி ஓடி முடித்து நின்றதும் வெளியே தெரியாததற்குக் காரணம், சாவியை எடுத்ததும் கரண்ட் நின்று, மூடின டூமுக்குள்ளேயே அது ஆறிவிடுவதுதான்.

ஹோல்டர் சுத்தமாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். டூமுக்குள் இருக்கும் கப்ளர்கள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள், வாட்டர் வாஷில் தண்ணீர் புகுந்த கப்ளரில் பச்சைப் பொடி பூத்திருக்கும், அங்கேயும் சூடு பிடிக்கும். அடுத்து ஸ்டீரிங் கழுத்து. ஒவ்வொரு முறை ஹேண்டில் திருப்பும்போதும் வயரிங் கட்டு அங்கேதான் மடங்குகிறது, டேப் தேய்ந்து செம்பு வெளியே தெரிந்தால் பாடியில் பட்டு ஷார்ட் ஆகும். அப்புறம் அந்த எல்இடி லைட்டுக்கு எங்கிருந்து கரண்ட் எடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஹெட்லைட் வயரைச் சீவி, முறுக்கி, மேலே டேப் சுற்றியிருந்தால் அந்த முறுக்கு ஒரு தனி அடுப்பு.

அப்புறம் ஃபியூஸ். இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துவேன். கடையில் சரிசெய்து கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், என்ன வைத்தார்கள் என்று மூடியைத் திறந்து கண்ணால் பாருங்கள். மூடியில் எத்தனை ஆம்பியர் என்று போட்டிருக்கிறதோ அதே எண் ஃபியூஸ் மேலும் இருக்க வேண்டும். 15 போட வேண்டிய இடத்தில் 30 இருந்தாலோ, ஃபியூஸின் இரண்டு காலையும் செம்புக் கம்பியோ சிகரெட் பாக்கெட் தாளோ சுற்றி இணைத்திருந்தாலோ, இனி ஷார்ட் ஆனால் எரியப்போவது வயரிங்தான். அந்த வயரிங் போவது பெட்ரோல் டேங்குக்கு அடியில். ஃபியூஸ் போனதே வண்டி உங்களுக்குக் கொடுத்த எச்சரிக்கை, அதை வாயடைத்துவிட்டு ஓட்டக் கூடாது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஹோல்டரையும் கருகின வயரையும் வெட்டிப் புதுசு போட்டுச் சால்டர் வைக்கச் சொல்லுங்கள், இதெல்லாம் சில நூறு ரூபாய்க்குள் முடியும். பல்பு 35 வாட்டே போதும், மங்கிப்போன கண்ணாடியையும் உள்ளே கறுத்த ரிஃப்ளெக்டரையும் மாற்றினாலே பாதி வெளிச்சம் திரும்பி வரும். எல்இடி கட்டாயம் வேண்டுமென்றால் பேட்டரியிலிருந்து தனி வயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ், நடுவில் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை ஆன்-ஆஃப் செய்யும் சுவிட்ச்), இந்த மூன்றும் இல்லாமல் போடாதீர்கள்.

முன்பக்கம் முழுக்கச் சுத்தமாக இருந்தால் மட்டும் சைடு பேனலைக் கழற்றி, மேக்னட் காயிலிலிருந்து, வோல்டேஜை அளவாக வைக்கும் ரெகுலேட்டருக்குப் போகும் வயர்களின் கப்ளரைப் பாருங்கள். பல வண்டிகளில் மஞ்சள் வயர்களாக இருக்கும், அடிக்கடி பழுப்பாகி உருகுகிற இடம் அது.

கேள்வி: என் பைக்கில் சீட்டுக்கு அடியிலிருந்து அழுகின முட்டை நாற்றம் வருகிறது. பேட்டரி மாற்றி ஆறு மாசம்கூட ஆகவில்லை. பல்பும் அடிக்கடி போகிறது. பேட்டரி சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டை போடலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: சண்டைக்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து, இன்ஜினை நடுத்தர ரேஸில் பிடித்தால் 14 வோல்ட்டை ஒட்டி, அதிகமாகப் போனால் 14.5 வரை காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்யவில்லை, பேட்டரி அளவுக்கு மீறிச் சார்ஜ் ஆகிக் கொதிக்கிறது. அந்த முட்டை நாற்றம் அங்கிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைட் வாயு. பல்பு அடிக்கடி போவதும் இதே காரணத்தால்தான். கூடவே ஹைட்ரஜனும் வெளியேறுகிறது, அது குபீரென்று பற்றும், அதனால் தீக்குச்சி, லைட்டர் எதையும் கிட்டே கொண்டுபோகாதீர்கள். சீட்டைத் திறந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டுவிட்டுக் கை வையுங்கள்.

ரெகுலேட்டரை மாற்றுவதற்கு முன் அதன் எர்த் வயரைக் கழற்றித் துருவைச் சுரண்டி இறுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், சில வண்டிகளில் குறை அதோடு முடிந்துவிடும். பேட்டரியின் பக்கச்சுவர் உப்பியிருந்தால் அது போனது போனதுதான். ஆனால் ரெகுலேட்டரைச் சரிசெய்யாமல் புது பேட்டரி வைத்தால் அதுவும் இதே கதிக்கு வரும். நாற்றம் சைலன்சர் வாயிலிருந்து வந்தால் மட்டும் இந்தப் பதில் பொருந்தாது, அங்கே பெட்ரோல் அதிகமாகப் போகிறதா என்று பார்க்க வேண்டும்.

கேள்வி: ஸ்கூட்டரில் மனைவி, பையனோடு ஏற்காடு ஏறும்போது பாதி வழியில் ரப்பர் கருகும் வாடை வந்தது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்துவிட்டுப் போனதும் சரியாகிவிட்டது. பயப்பட வேண்டுமா?
— வாசகர், சேலம்

பதில்: பைக்கில் கிளட்ச் ஆயிலில் முங்கியிருக்கும், கியர் இல்லாத ஸ்கூட்டரில் அது உலர்ந்த கிளட்ச், பக்கத்திலேயே ரப்பர் பெல்ட். 20 கொண்டை ஊசி வளைவிலும் பாரத்தோடு மெதுவாகத் திரும்பி ஏறும்போது கிளட்ச் முழுசாகப் பிடிக்காமல் உரசிக்கொண்டே இருக்கும், வாடை அதுதான். வளைவில் எதிரே பஸ் வந்து நிற்க வேண்டியிருந்தால் ஆக்ஸிலரேட்டரை லேசாக முறுக்கி வண்டியை மேட்டில் நிறுத்திப் பிடிக்காதீர்கள், பிரேக்கைப் பிடியுங்கள். நீங்கள் நின்று ஆறவிட்டதும் சரிதான்.

சமவெளியில் ஒருவர் மட்டும் ஓட்டும்போதும் வாடை வந்தால், கிக்கர் பக்க மூடியைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டின் பல்லிடுக்கில் வெடிப்பு, கிளட்ச் ஷூவில் ஆயில் கசிவு, பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று இருக்கும். இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஸ்கூட்டரில் சின்ன கியருக்கு மாற்றி இறங்க வழியில்லை, முழுப் பாரமும் பிரேக்கில்தான். ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டே வராமல் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், வாடை வந்தால் ஓரமாக நிறுத்துங்கள். சூடான டிரம் மேல் சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் பாட்டிலைக் கவிழ்க்க வேண்டாம், காற்றிலேயே ஆறட்டும்.