கணினியில் நன்றாக ஓடும் டிவிடி, வீட்டு பிளேயரில் ஏன் பாதியில் தடுமாறுகிறது?

தங்கையின் கல்யாணத்தில் பழைய கேசட் கேமராவில் எடுத்ததையும் கைபேசியில் எடுத்ததையும் சேர்த்து 2 மணி 10 நிமிடப் படமாக எடிட் செய்து, அதே மென்பொருளிலிருந்து டிவிடியில் எழுதியதாகக் கூறியிருக்கிறீர்கள். கணினியில் கடைசி வரை ஓடுகிறது. பிளேயரிலோ போகப்போகக் குரலும் உதடும் பிரிந்து, கடைசிக் கால் மணி நேரம் படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடுகிறது. மென்பொருளை மாற்ற வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

மாற்ற வேண்டியதில்லை. நீங்கள் ஒரே கோளாறாக எண்ணுபவை இரண்டு, அவை தோன்றிய இடங்களும் வேறு. அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவுக்காக மூன்று மென்பொருள்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பதினோரு வட்டுகளைக் குப்பையில் எறிந்த பிறகுதான் எனக்கு இது விளங்கியது. எடிட்டிங், டிவிடிக்குரிய வீடியோ வடிவமான எம்பெக்-2 ஆக மாற்றுவது, மெனுவுடன் டிவிடி வடிவத்தில் அடுக்குவது, வட்டில் எழுதுவது ஆகிய நான்கு வேலைகளையும் ஒரே பொத்தானில் செய்து தரும் மென்பொருள் வசதியானதுதான். ஆனால் தவறு நேர்ந்தால் எந்தப் படியில் நேர்ந்தது என்று அது காட்டாது. ஆகவே வட்டில் எழுதாமல், முழு வட்டின் நகலாகிய ஐ.எஸ்.ஓ. கோப்பாகக் கணினியில் சேமித்து, அதை வி.எல்.சி. என்ற வீடியோ மென்பொருளில் திறந்து, தொடக்கம், நடு, முடிவு மூன்றையும் பாருங்கள். அங்கேயே பிசகு தெரிந்தால் தவறு எடிட்டிங்கிலோ மாற்றத்திலோ இருக்கிறது. அங்கே சரியாக இருந்து வட்டில் மட்டும் தெரிந்தால் எழுதிய வேகத்தையும் வட்டின் தரத்தையும் சந்தேகிக்கலாம்.

முதலில் குரல். படம் முழுவதும் ஒரே அளவில் குரல் பிந்தியிருந்தால் எடிட்டரில் ஒலித் தடத்தைச் சற்று நகர்த்தினால் போதும். உங்களுடையது போல நேரம் செல்லச் செல்ல விலகல் வளர்ந்தால், பெரும்பாலும் காரணம் பிரேம் கணக்குதான், அதாவது ஒரு நொடிக்கு எத்தனை படங்கள் என்பதுதான். பால் (PAL) எனப்படும் நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைக்கான டிவிடி 720க்கு 576 புள்ளிகளும் நொடிக்குச் சரியாக 25 பிரேம்களும் கொண்டது. கைபேசியோ 30 என்று சொல்லிக்கொண்டு, மண்டபத்தில் வெளிச்சம் குறைந்தால் அந்த எண்ணிக்கையைத் தானாகவே குறைத்துக்கொள்ளும். எடிட்டர் அதைச் சீரான 30 என்று நம்பினால் குரல் தன் வழியே போகும். 29.97 பிரேமை 30 என்று கொண்டால்கூட ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகிவிடும் என்றால், மாறிக்கொண்டே இருக்கும் பிரேம் என்ன செய்யும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். கைபேசிக் கோப்புகளை மட்டும் முதலில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் இட்டு, பிரேம் வீதத்தை 25 என்றும் மாறாதது என்றும் தேர்ந்து மாற்றி, அவற்றைக் கொண்டு எடிட் செய்யுங்கள். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள்; 44.1 என்பது பாட்டு சிடிக்கு உரிய அளவு.

அடுத்தது, கடைசிக் கால் மணி நேரம். டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளிவிளிம்பு நோக்கி எழுதப்படுகிறது. 16 மடங்கு வேகம் என்று உறையில் அச்சிட்டிருந்தாலும் எழுதும் கருவி அந்த வேகத்தை எட்டுவது விளிம்பருகே மட்டும்தான். மலிவான வட்டுகளில் பூச்சும் சமதளமும் கெட்டிருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். கணினி படிக்க முடியாத இடத்தை மறுபடி மறுபடி படித்துச் சமாளித்துவிடும். வீட்டு பிளேயருக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே வட்டை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். ஒற்றை அடுக்கு வட்டின் 4.7 ஜி.பி. என்பது 470 கோடி பைட். விண்டோஸ் அதையே 4.37 என்று காட்டும்போது மிரள வேண்டாம். 440 கோடி பைட்டோடு நிறுத்திக்கொண்டால், உங்கள் 7,800 நொடிப் படத்துக்கு நொடிக்கு ஏறத்தாழ 45 லட்சம் பிட் கிடைக்கும். அதில் ஒலிக்கு 2.24 லட்சம் போக, வீடியோவின் சராசரி பிட் வீதத்தை, அதாவது நொடிக்குச் செலவாகும் பிட் அளவை, 4,300 கிலோபிட் (43 லட்சம் பிட்) என்று கொடுங்கள். உச்ச அளவையும் 8,000-ஐத் தாண்ட விடாதீர்கள். டிவிடி விதி வீடியோவுக்கு 9,800 வரை இடம் தந்தாலும் பழைய பிளேயர்கள் அங்கே திணறுகின்றன. பிறகு அந்த ஐ.எஸ்.ஓ.வை இம்க்பேர்ன் போன்ற எழுதும் மென்பொருளில், நல்ல வட்டில், 4 அல்லது 8 மடங்கு வேகத்தில், எழுதியதைச் சரிபார்க்கும் வசதியையும் தேர்ந்தெடுத்து எழுதுங்கள்.

இடையில் தடுக்கக்கூடிய சிறு கற்கள் இரண்டு உண்டு. வெளிப்புற டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு அதில் அடங்காது, சேமிப்பு பாதியிலேயே நின்றுவிடும். பழைய எழுதும் மென்பொருள்கள் சிலவற்றுக்குத் தமிழில் பெயரிட்ட கோப்புறை புரிவதில்லை. ‘அப்பா அறுபது’ என்று ஆசையாக வைத்த பெயரை ஆங்கில எழுத்துக்கு மாற்றும் வரை எனக்குப் பிழைச் செய்தி வந்துகொண்டே இருந்தது.

இப்போதைக்குப் புது வட்டு எதையும் எடுக்காமல், ஐ.எஸ்.ஓ. கோப்பில் ஒன்றரை மணி நேரத்துக்குப் பிந்திய ஒரு பேச்சைப் பார்த்து, அங்கேயே உதடும் குரலும் பிரிகிறதா என்று எழுதுங்கள்.