பட்டாளம் ஸ்டோர் வீடும் 2 கிலோமீட்டரும்

*வணக்கம் அக்கா. நான் ஓட்டேரி. எங்க தாத்தா பி அண்ட் சி துணி மில்லுல வேலை பாத்தவரு, 1996ல மில்லு மூடுனப்புறம் ரொம்ப நாள் திண்ணையிலயே உக்காந்திருந்தாரு. இப்ப அந்த மில்லு எடத்துல டவர் டவரா ஃப்ளாட் வந்திருக்கு. ஒரு டூ பெட்ரூம் வாங்கலாம்னு பாக்கறேன், ஆனா இஎம்ஐ என் சம்பளத்துல பாதிய தின்னுடும். ரெண்டு வருஷம் பொறுத்தா நெறைய பில்டிங் வந்து ரேட்டு குறையுமா? எப்படியோ நம்ம ஏரியா இனிமேலாவது டீசண்டா ஆகுதே, அது சந்தோஷம்தான்.*

*ஒரு வாசகன்*

தம்பி,

உன் லெட்டர் வந்த அன்னிக்கு காலையிலதான் பட்டாளம் மார்க்கெட் பக்கம் போயிட்டு வந்தேன். நாங்க குடியிருந்த ஸ்டோர், அதான் ஒரே வாசலுக்குள்ள பல குடித்தனம் இருக்கற வீடு, அந்த எடத்துல இப்ப ஸ்டில்ட் ப்ளஸ் நாலு, கீழ கார் நிறுத்த எடம் விட்டு மேல நாலு மாடி, எங்க அடுப்படி இருந்த எடத்துல ஒரு கார் நிக்குது. அதே நெனப்பா வீட்டுக்கு வந்தா உன் லெட்டர்.

உன் கேள்விய மொதல்ல முடிச்சிடறேன். சம்பளத்துல பாதி இஎம்ஐன்னா வாங்காத. வாங்கறதா இருந்தா யூடிஎஸ், அதான் மொத்த நெலத்துல உன் பங்கு, எவ்ளோன்னு பத்திரத்துல பாரு, பில்டர் ரெராங்கற கவர்மெண்டு ஆணையத்துல பதிவு பண்ணிருக்கானான்னு பாரு, ஒரு வக்கீல்கிட்ட காமிச்சிடு. அவ்ளோதான்.

ஆனா அந்த "டீசண்டு"ங்கற வார்த்தை, அத படிச்சதும் எனக்கு கோவம் வந்துச்சு. இந்தியாவோட மொத தொழிற்சங்கம்னு சொல்றாங்களே மெட்ராஸ் லேபர் யூனியன், 1918ல அத ஆரம்பிச்சது இந்த மில்லு ஆளுங்கள வெச்சுதான். 1921ல மாசக்கணக்குல ஸ்ட்ரைக் இருந்து பட்டினி கெடந்தவங்க ஏரியாடா இது. உங்க தாத்தா சைக்கிள் ஓட்டிட்டு போன தெரு டீசண்டு இல்லயா? அவர் காதுல விழற மாதிரி இத சொல்லுவியா நீ? இனிமே அந்த வார்த்தைய எழுதாத.

எங்க ஸ்டோர்ல ஆறு போர்ஷன். ஒண்ணொண்ணும் பத்துக்கு பன்னெண்டு ரூம், பின்னாடி அடுப்பு வெக்க ஒரு மூல, எல்லாருக்குமா ஒரு அடி பம்பு, ரெண்டு கக்கூஸ். மழ பேஞ்சா பின் செவுத்துல ஓதம் ஏறி ட்ரங்க் பொட்டி துரு புடிச்சிடும், அத நான் மறக்கல. ஆனா எங்கம்மாவால அந்த வாடகைய குடுக்க முடிஞ்சுது. விடியக்காலம் நாலரைக்கு வாசல்ல அடுப்ப பத்த வெச்சா ஏழரைக்குள்ள பத்து ஈடு இட்லி போயிடும், வாங்கறவங்க எல்லாம் அந்த சந்து, அடுத்த சந்து, அதோட சரி. கடன் கணக்கு கதவுக்கு பின்னால கரியில கோடு கோடா இருக்கும், சம்பளத்துக்கு சம்பளம் ஈரத் துணியால தொடச்சிடுவாங்க.

2007ல வீட்டுக்காரம்மா பசங்க எடத்த பில்டர்கிட்ட கூட்டா கட்டிக்கற ஜாயிண்ட் வெஞ்சருக்கு குடுத்தாங்க. பசங்களுக்கு ஆளுக்கொரு ஃப்ளாட்டு. எங்களுக்கு மூணு மாசம் டைமு, அட்வான்ஸுல வெள்ளையடிக்கிற காச புடிச்சிக்கிட்டு மிச்சத்த குடுத்தாங்க. இடிக்கப்போற வீட்டுக்கு வெள்ளையடிக்கிற காசு தம்பி! அம்மா ஒரு வார்த்த பேசல, கவர வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டாங்க. புழலுக்கு அந்தாண்ட வீடு கெடச்சுது, வாடகையும் கம்மிதான். அங்கயும் அடுப்பு பத்த வெச்சாங்க, மாவு புளிச்சு புளிச்சு கீழ ஊத்துனதுதான் மிச்சம், யாருக்கும் அவங்கள தெரியல. ஆறு மாசத்துல குண்டான எடுத்து பரண்ல போட்டுட்டாங்க.

நெறைய கட்டினா ரேட்டு குறையும்னு கேக்கறியே, எத கட்டினா எது குறையும்? டூ பெட்ரூம் நூறு கட்டினா டூ பெட்ரூம் ரேட்டு வேணா கொஞ்சம் எறங்கும். பத்துக்கு பன்னெண்டு ரூம யாருடா கட்டறாங்க? இருக்கறத இடிச்சிட்டுதான உன் டூ பெட்ரூமே வருது! வெள்ளக்காரன் நடத்துன மில்லே தொழிலாளிங்களுக்கு குடியிருப்பு கட்டுச்சு. நம்ம சென்னைக்கு போட்ட 2008 மாஸ்டர் பிளான் விதியில கூட இருந்துச்சு, 10,000 சதுர மீட்டருக்கு மேல எடம்னா 10 சதவீதத்த ஏழைங்க வீட்டுக்கு ஒதுக்கணும், ஒரு வீடு 45 சதுர மீட்டருக்கு மேல போகக்கூடாது, அதே எடத்துலயோ இல்ல 2 கிலோமீட்டருக்குள்ளயோ கட்டணும்னு. அப்புறம் அது, வீடு கட்டறதுக்கு பதிலா ஷெல்டர் ஃபீன்னு பில்டர் பணமா கட்டற மாதிரி மாறிடுச்சு. பணம் எங்க வேணா போகும், எங்கம்மா இட்லி போகாது. அந்த 2 கிலோமீட்டர்ங்கறதுதான் விஷயமே, வாடிக்க, பள்ளிக்கூடம், அவசரத்துக்கு அம்பது ரூவா கைமாத்து தர்ற ஆளு எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. ஏழைங்களுக்கு கவர்மெண்டு போர்டு வீடு குடுக்கறாங்களேன்னு சொல்லுவ. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு எல்லாம் ஊருக்கு அந்தக் கோடி. பெரும்பாக்கத்துலேந்து பெரம்பூர்ல பாத்திரம் தேய்க்க வர முடியுமா?

வாடகை சட்டம் பத்தியும் கேப்ப. 2019லேந்து புதுச் சட்டம், அட்வான்ஸு மூணு மாச வாடகைக்கு மேல கூடாது, ஆனா ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டா வாங்கலாம்னு அதுலயே இருக்கு. குடியிருக்க வர்றவன் ஒத்துக்காம என்ன பண்ணுவான்.

நீ நல்ல பையன், தாத்தாவ நெனச்சிக்கிட்டுதான் அந்த எடத்துலயே வீடு வேணும்ங்கற, அது எனக்கு புரியாம இல்ல. பாதி சம்பளம் போகாத அளவுக்கு கையில காசு சேந்ததும் வாங்கு. குடி போனதும் உன் வீட்டுக்கு வேலைக்கு வர்ற அம்மாகிட்ட மின்ன எங்க குடியிருந்தீங்க, இப்ப எங்கேந்து வர்றீங்க, எத்தன மணிக்கு பஸ் ஏறுறீங்கன்னு கேளு. கேட்டுட்டு எனக்கு எழுது.

அக்கா