வெளுத்துப்போகும் முட்டைகள்

கேள்வி: என்னிடம் உள்ள ஏஞ்சல் மீன் இணை மூன்று முறை முட்டையிட்டது. ஒவ்வொரு முறையும் சில மட்டுமே பொரித்தன. மற்றவை இரண்டே நாளில் வெளுத்துப் பூஞ்சை பிடித்துவிட்டன. ஓராண்டுக்கு முன் வாங்கிய பெரிய டப்பாவிலிருந்துதான் இன்றுவரை குருணைத் தீவனம் போடுகிறேன். தண்ணீரில் வைட்டமின் சொட்டு விட்டால் சரியாகுமா?

பதில்: எல்லா முட்டைகளும் வெளுத்திருந்தால், இரண்டுமே பெண் மீன்களோ என்றுதான் முதலில் ஐயுற்றிருப்பேன், ஏஞ்சல் மீன்களில் இரு பெண்கள் இணைசேர்ந்து முட்டையிடுவது உண்டு. சிலவாவது பொரித்திருப்பதால் அந்த ஐயம் இல்லை. என் சந்தேகமெல்லாம் அந்த டப்பாவின் மேல்தான்.

பெரும்பாலான மீன்களால் வைட்டமின் சி-யைத் தம் உடலில் உருவாக்கிக்கொள்ள முடியாது. தீவனத்தில் சேர்க்கப்படும் அதுவோ, மூடியைத் திறந்து திறந்து மூடும்போது காற்றும் ஈரமும் பட்டு மெல்லச் சிதைந்துவிடும். வைட்டமின் ஈ-யின் பணி வேறு. முட்டையின் மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பு காறிப்போகாமல் அது காக்கிறது. அதன் வேதிப்பெயரான டோகோஃபெரால் என்பதில் மகப்பேற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இருப்பதும் தற்செயலன்று. 1922-இல் எலிகளின் கருவளத்தை ஆராய்ந்தபோதுதான் அது கண்டறியப்பட்டது.

கரு வளரத் தேவையான சத்து முழுவதும், தாய் மீனின் கல்லீரலில் உருவாகும் புரதத்தோடு, முட்டையிடுவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே சினைக்குள் சேர்ந்துவிடுகிறது. ஆகவே முட்டையைக் கண்ட பிறகு செய்யும் உபசாரம் அந்த முறை இட்ட முட்டைகளுக்கு உதவாது. இணையை மூன்று வாரம் பிரித்து வைத்து, புதிய தீவனத்துடன் சிறு நீர்வாழ் உயிர்களான ஆர்டீமியா, டாஃப்னியா, கொசுப்புழு ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். நன்னீர் மீன்கள் தண்ணீரை அருந்துவது மிகக் குறைவு என்பதால், தொட்டியில் விடும் சொட்டு பெரும்பாலும் வீணே. அதைத் தீவனத்தின் மேல் விட்டு, ஊறியதும் உடனே போடுவதே முறை. இனிமேல் ஒரு மாதத்தில் தீரும் அளவுக்குச் சிறிய டப்பாவாக வாங்குங்கள்.

கேள்வி: வைட்டமின் அளவைக் கூட்டினால் குஞ்சுகள் பெருகுமா?

பதில்: பெருகாது. மிகுதியான வைட்டமின் ஏ உடலிலேயே தங்கிவிடும். குஞ்சுகளின் தீவனத்தில் அது அளவு மீறினால் முதுகெலும்பு கோணலாகும்.