இரும்புச் சட்டியில் சாறு குறையாத ஹாம்பர்கர்: கேள்வி பதில்

அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு சாலையோர உணவகத்தில் பல வருஷம் பர்கர் போட்டவர், இப்போது வீட்டடுப்பில் வார்ப்பிரும்புச் சட்டியில் போடுகிறார். பர்கர் பற்றி எதைக் கேட்டாலும் சலிக்காமல் சொல்வார் என்பதால் அவரிடமே கேள்விகளைக் கொடுத்துவிட்டோம்.

எடிசன், நியூ ஜெர்சி: அக்கா, நான் போடும் பர்கர் எப்போதும் வறண்டு போகிறது, நடுவில் வேறு உப்பிக்கொள்கிறது. உடம்புக்கு நல்லது என்று 93/7 கொத்துக்கறிதான் வாங்குகிறேன். சட்டியை மாற்ற வேண்டுமா?

சட்டி பாவம், அதை விடுங்கள். கறியை மாற்றுங்கள். 93/7 என்றால் நூறு கிராமில் கொழுப்பு வெறும் 7 கிராம். சூடு ஏற ஏறக் கறியின் புரதம் சுருங்கித் தன்னிடம் இருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அதை யாராலும் தடுக்க முடியாது. நீர் போன இடத்தை ஈடுகட்டுவது உருகிய கொழுப்புதான். வாயில் நாம் சாறு என்று உணர்வதில் பெரும்பங்கு அதுதான். எனவே 80/20 வாங்குங்கள், பொட்டலத்தின் மேல் 'கிரவுண்ட் சக்' என்று எழுதியிருக்கும். மாட்டின் தோள்பட்டைக் கறி அது, சுவையும் அதிகம். கொழுப்பு வேண்டாம் என்றால் சின்ன பர்கராகச் சாப்பிடுங்கள். 93/7-ல் பெரிய பர்கர் போட்டுத் தண்ணீர் குடித்து இறக்குவதைவிட அது மேல்.

உப்புவதற்குக் காரணம் ஓரம் முதலில் வெந்து சுருங்குவது. சுருங்கும் ஓரம் நடுப்பகுதியை மேலே தள்ளிவிடுகிறது. ஒரு பர்கருக்கு 170 கிராம் எடுத்து, 2 சென்டிமீட்டர் கனத்தில், பன்னைவிட ஒரு சென்டிமீட்டர் அகலமாகத் தட்டுங்கள். நடுவில் கட்டைவிரலால் ஒரு குழி. வெந்து முடியும்போது மட்டமாகிவிடும்.

டொராண்டோ: கறியில் உப்பு, இஞ்சி பூண்டு விழுது, வெங்காயம், முட்டை, பிரெட் தூள் எல்லாம் போட்டு நன்றாகப் பிசைந்துதான் தட்டுகிறேன். வீட்டில் விரும்பித்தான் சாப்பிடுகிறார்கள். ஆனால் கடை பர்கர் மாதிரி வருவதில்லையே?

கட்லெட்டுக்குப் பிசைந்தால் கட்லெட்தான் வரும். வீட்டில் பிடித்திருந்தால் அதையும் செய்யுங்கள், நான் யார் தடுக்க? ஆனால் பர்கர் வேண்டும் என்றால் கறியைத் தவிர உள்ளே எதுவும் வேண்டாம்.

முதல் எதிரி உப்பு. உப்பு கறியிலுள்ள மயோசின் என்ற புரதத்தைக் கரைக்கும். கரைந்தது பசைபோல ஒட்டிக்கொண்டு, வெந்ததும் ரப்பராக இறுகும். சாசேஜ் செய்பவர்கள் வேண்டுமென்றே இதைத்தான் செய்கிறார்கள். நமக்கு வேண்டியது கடித்தால் உதிரும் கறி. அதனால் உப்பும் மிளகுத்தூளும் வெளிப்புறத்தில் மட்டும், அதுவும் சட்டியில் போடுவதற்குச் சற்று முன்னால். இரண்டு பக்கமும் தாராளமாகத் தூவுங்கள், உள்ளே உப்பில்லாத குறையை அது சரிக்கட்டிவிடும்.

இரண்டாவது எதிரி பிசைவது. குளிர்ந்த கறியைக் கையில் சேர்த்து, பிரிந்து விழாத அளவுக்கு மட்டும் தட்டினால் போதும். ஓரத்தில் வெடிப்பு தெரிகிறதா, தெரியட்டும். அந்த வெடிப்புகள்தான் சட்டியில் முறுகும். இஞ்சி பூண்டு ஆசையை மயோனைஸில் கலந்து தீர்த்துக்கொள்ளுங்கள். பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் அதிலேயே போடலாம், பிரமாதமாக இருக்கும்.

டல்லாஸ்: புது வார்ப்பிரும்புச் சட்டி வாங்கினேன். எவ்வளவு நேரம் காய வைப்பது, எவ்வளவு நேரம் வேக வைப்பது? போன வாரம் புகை அலாரம் அடித்து அபார்ட்மெண்டே எழுந்துவிட்டது.

வார்ப்பிரும்பு சூட்டை மெதுவாகக் கடத்தும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ரொம்ப மந்தம். ஆனால் கனம் இருப்பதால், ஒருமுறை வாங்கிய சூட்டைச் சுலபத்தில் விடாது. குளிர்ந்த கறி விழுந்தாலும் சட்டி ஆறிப்போகாமல் இருப்பது இதனால்தான். மெல்லிய நான்ஸ்டிக் தட்டில் கறி தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். இதில் அந்தப் பிரச்சினை இல்லை.

ஆகவே அவசரப்படாமல் மிதமான தீயில் ஐந்து முதல் எட்டு நிமிஷம் வெறும் சட்டியைக் காய விடுங்கள். பெரிய தீயை மூட்டினால் பர்னருக்கு நேர்மேலே மட்டும் கொதித்து ஓரம் குளிர்ந்தே கிடக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே சுருங்கிப் போகாமல் முத்தாக உருண்டு ஓட வேண்டும், அதுதான் பக்குவம். அப்போது ஒரு ஸ்பூன் எண்ணெயைத் தடவி, கறியை வையுங்கள். சுர்ர் என்று சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் எடுத்துவிட்டு இன்னும் காய விடுங்கள்.

2 சென்டிமீட்டர் கனத்துக்கு முதல் பக்கம் மூன்று நான்கு நிமிஷம், மறுபக்கம் மூன்று நிமிஷம். இது தோராயக் கணக்குதான். உங்கள் அடுப்பு, கறியின் குளிர்ச்சி எல்லாம் மாறும், கடைசி வார்த்தை கறியில் செருகிப் பார்க்கும் வெப்பமானிக்குத்தான். ஒரு முறைதான் திருப்ப வேண்டும் என்று சத்தியம் செய்வார்கள், நம்பாதீர்கள். பலமுறை திருப்பினால் உள்ளே சீராகவும் கொஞ்சம் சீக்கிரமாகவும் வேகும். முதல் முறுகல் பிடிக்கும்வரை மட்டும் கை வைக்காதீர்கள், பிடித்ததும் அதுவே சட்டியை விட்டுக் கழன்றுவரும்.

புகைக்கு வருவோம். வெண்ணெய் 175 டிகிரி செல்சியஸுக்குள்ளேயே கருகிவிடும், எனவே ஆரம்பத்தில் வேண்டாம். ரீஃபைண்ட் கடலை எண்ணெய் 230 வரை தாங்கும், அதைப் பயன்படுத்துங்கள். 25 சென்டிமீட்டர் சட்டியில் ஒரு தடவைக்கு இரண்டு பர்கர், அதற்கு மேல் நெருக்கினால் நீராவி கட்டிக்கொள்ளும். ஒரு ஈடு முடிந்ததும் தேங்கிய கொழுப்பை ஒரு உலோகக் கிண்ணத்தில் வடித்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள், அலாரத்தை எழுப்புவது பெரும்பாலும் அந்தப் பழைய கொழுப்புதான். பொருந்துகிற மூடி ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். கொழுப்பு தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து மூட வேண்டும். தண்ணீர் ஊற்றவே கூடாது.

மெல்பர்ன்: உள்ளே சிவப்பாக இருந்தால்தான் சாறு என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 71 டிகிரி வரை விட்டால் பர்கர் செத்துவிட்டதாம். உண்மையா?

ஸ்டேக்கை அப்படிச் சாப்பிடுங்கள் என்று நானே சொல்வேன். கிருமி அதன் மேற்பரப்பில்தான் இருக்கும், சட்டி பட்டதும் சாகும். அரைத்த கறியில் மேற்பரப்பு என்று ஒன்று தனியாக இல்லை. வெளியே இருந்தது முழுக்க உள்ளே கலந்துவிட்டது. 1993-ல் அமெரிக்காவில் ஜாக் இன் தி பாக்ஸ் என்ற துரித உணவகங்களின் பர்கர்களால் பரவிய ஈ.கோலை ஓ157:எச்7 என்ற பாக்டீரியாவின் தொற்றில் 700-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், நான்கு குழந்தைகள் இறந்தார்கள். பர்கர்கள் போதுமான அளவு வேகவில்லை. அடுத்த ஆண்டே கொத்துக்கறியில் அந்தக் கிருமி இருந்தால் அது கலப்படக் கறி என்று அமெரிக்க வேளாண் துறை அறிவித்தது. அந்தத் துறை சொல்லும் அளவு 160 ஃபாரன்ஹீட், அதாவது 71 டிகிரி செல்சியஸ். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடும் வீட்டில் இதைப் பற்றி விவாதமே கிடையாது.

நிறத்தை நம்பாதீர்கள். சில கறி 71 வருவதற்கு முன்பே பழுப்பாகிவிடும், சில கறி அதைத் தாண்டியும் சிவந்தே இருக்கும். வெப்பமானியைப் பக்கவாட்டில் செருகி நடுப்பகுதியைப் பாருங்கள், 71 காட்டியதும் இறக்குங்கள். செத்துப்போவது 71-ல் இல்லை, யாரும் அளக்காமல் 85 வரை விட்டுவிடுவதால்.

வறண்டுபோகும் என்று இன்னும் பயமாக இருந்தால் ஒரு வழி. 450 கிராம் கறிக்கு, ஓரம் நீக்கிய வெள்ளை பிரெட் ஒரு துண்டை இரண்டு மேசைக்கரண்டி பாலில் ஊறவைத்து மசித்து, கறியில் மெல்லக் கலக்குங்கள். ஊறிய மாவுச்சத்து நீரைப் பிடித்துவைக்கும், புரதம் இறுகுவதும் குறையும். மேலே பிரெட் தூளைத் திட்டிவிட்டு இங்கே பிரெட்டைச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். காய்ந்த தூள் கறியிலிருக்கும் ஈரத்தைக் குடிக்கும், இது ஈரத்தைக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஹியூஸ்டன்: பர்கர் வேகும்போது அழுத்தாதே, சாறு போய்விடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் ஸ்மாஷ் பர்கர் என்று நசுக்கியே விற்கிறார்களே, அது எப்படி?

நல்ல கேள்வி, இதற்காகத்தான் காத்திருந்தேன். குளிர்ந்த உருண்டை சட்டியில் விழுந்த முதல் அரை நிமிஷத்துக்குள் அழுத்தலாம். அப்போது கொழுப்பு இன்னும் உருகவில்லை, வழிந்துபோக எதுவும் இல்லை. அதற்குப் பிறகு அழுத்தினால் சுர்ர் என்று ஒரு சத்தம் வரும், நீங்கள் காசு கொடுத்து வாங்கியதுதான் அங்கே ஆவியாகிறது.

ஸ்மாஷ் பர்கரில் சாறைவிட முறுகலே பெரிது. கறி முழுக்கச் சட்டியோடு ஒட்டுவதால் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகும் மெயிலார்ட் வினை மூலைமுடுக்கெல்லாம் நடக்கும்.

எங்கள் ஓக்லஹோமாவின் பெருமை இதில் ஒரு படி மேலே. ஓக்லஹோமா சிட்டிக்கு மேற்கே, ரூட் 66 சாலையில் எல் ரீனோ என்று ஒரு சின்ன ஊர், ரயில்வே ஊர். 1920-களில், கையில் காசு இல்லாத காலத்தில், ஹாம்பர்கர் இன் என்ற கடையின் ராஸ் டேவிஸ் விலை அதிகமான கறியைக் குறைத்து, மலிவான வெங்காயத்தை மலையாகக் குவித்து நசுக்கினார் என்று ஊரில் சொல்வார்கள். கஷ்டகாலம் போனது, வெங்காயம் போகவில்லை. 1926-ல் தொடங்கிய ராபர்ட்ஸ் கிரில் இன்றும் அங்கே இருக்கிறது. மே மாத முதல் சனிக்கிழமை ஊரே கூடி ஒரு ராட்சத வெங்காய பர்கர் போட்டுத் திருவிழா நடத்துகிறது.

வீட்டில் செய்ய, 60 கிராம் கறியை உருட்டி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு பெரிய வெங்காயத்தில் பாதியைக் காகிதம் போல மெல்லியதாக நறுக்குங்கள். இங்கேதான் எல்லோரும் கோட்டைவிடுகிறார்கள், தடித்த வெங்காயம் கறியில் ஒட்டாது. நன்றாகக் காய்ந்த சட்டியில் உருண்டையை வைத்து, மேலே உப்பு, அதன்மேல் கறியைவிட அதிகமாகத் தெரியும் அளவுக்கு வெங்காயம். கனமான திருப்பியால் பலங்கொண்ட மட்டும் அழுத்துங்கள், வெங்காயம் கறிக்குள் புதைய வேண்டும். ஒன்றரை நிமிஷம் கழித்து, கூர்மையான திருப்பியைத் தட்டையாகப் பிடித்து அடியோடு சுரண்டித் திருப்புங்கள். முறுகலைச் சட்டியில் விட்டுவிட்டால் செய்ததே வீண். இப்போது வெங்காயம் அடியில். தீயைச் சற்றுக் குறைத்து, மேலே சீஸ், அதன்மேல் பன்னின் இரண்டு பாதிகளையும் கவிழ்த்து வையுங்கள். கறியின் ஆவியிலும் வெங்காய வாசனையிலும் பன் மெத்தென்று ஆகிவிடும். இவ்வளவு மெல்லிய கறி வெங்காயம் பழுப்பாகும்போது முழுக்க வெந்திருக்கும்.

சென்னை: இங்கே சக், 80/20 எல்லாம் கிடையாது. கொழுப்பு அதிகமில்லாத கறிதான் கிடைக்கிறது. சட்டியும் இல்லை, இரும்பு தோசைக்கல்தான் இருக்கிறது.

மாட்டுக்கறிக் கடையில் கிடைப்பது பல சமயம் எருமைக்கறியாக இருக்கும், கொழுப்பு குறைவு. கடைக்காரரிடம் கொழுப்பைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். நான்கு பங்கு கறிக்கு ஒரு பங்கு கொழுப்பு. இரண்டையும் சின்னத் துண்டுகளாக்கி அரை மணி நேரம் ஃப்ரீஸரில் வைத்து, ஓரம் விறைத்ததும் அரைக்கும் இயந்திரத்தில் விடுங்கள். மிக்ஸி என்றால் கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். குளிர் போனால் கொழுப்பு இளகிக் கூழாகிவிடும்.

தோசைக்கல் தாராளமாக ஆகும், ஸ்மாஷ் பர்கருக்குச் சட்டியைவிட வசதி. விளிம்பு இல்லாததால் கொழுப்பு தெறிக்கும், அடுப்பைச் சுற்றித் துடைக்க வேண்டியிருக்கும். ஆனால் இதற்கென்று தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலை தோசையில் மாட்டுக்கறி வாசனை வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

சான் ஹோசே: நாங்கள் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை. கோழி, வான்கோழியில் சாறு வருமா?

நெஞ்சுக்கறியில் வராது. தொடைக்கறியை அரைத்து வாங்குங்கள், மேலே சொன்ன பால் பிரெட்டைக் கட்டாயம் சேருங்கள். 74 டிகிரி வர வேண்டும், தீ மிதமாக இருக்கட்டும். ஆட்டுக்கறி என்றால் கவலையே இல்லை, அதில் கொழுப்பும் வாசனையும் வேண்டிய அளவு உண்டு. அரைத்ததுதான், எனவே அதற்கும் 71.

அட்லாண்டா: என்ன சீஸ்? நல்ல செடார் போட்டால் எண்ணெய் பிரிகிறது.

அமெரிக்கன் சீஸ். முகம் சுளிக்காதீர்கள். அதில் சேர்க்கும் உப்புகள் கொழுப்பையும் நீரையும் பிரியாமல் பிடித்துவைப்பதால் சீராக உருகி வழியும். பழுத்த செடார் பிரியத்தான் செய்யும். இறக்குவதற்கு ஒரு நிமிஷம் முன்னால் போட்டு மூடிவையுங்கள்.

லண்டன்: பன் அடியில் ஊறிப் பிய்ந்துபோகிறது. சட்டியை எப்படிக் கழுவுவது?

பன்னின் வெட்டிய பக்கத்தில் வெண்ணெய் தடவி, கறிக்கு முன்பே அதே சட்டியில் பொன்னிறமாக வாட்டுங்கள். தடித்த பர்கரை இறக்கியதும் இரண்டு மூன்று நிமிஷம் தட்டில் விட்டுப் பிறகு பன்னில் வையுங்கள், அடியில் கீரையை விரித்தால் இன்னும் நல்லது. பன் தொல்லையே வேண்டாம் என்றால், அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் லூயிஸ் லஞ்ச் என்ற கடை இன்றும் டோஸ்ட்டில்தான் பர்கர் கொடுக்கிறது. கெச்சப் கேட்டால் கிடைக்காது.

சட்டியைச் சூடு முழுக்கத் தணியும் முன் வெந்நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கொஞ்சம் பாத்திர சோப்பு பட்டால் ஒன்றும் ஆகாது, ஊறப்போடுவதுதான் தப்பு. உடனே அடுப்பில் வைத்து ஈரம் போகக் காய்ச்சி, ஒரு சொட்டு எண்ணெயைத் துணியால் தடவி, பளபளப்பு தெரியாத அளவுக்குத் துடைத்து வையுங்கள். எண்ணெய் அதிகமானால் அடுத்த முறை பிசுபிசுக்கும்.