ஏழு சூப்பர்வைசர், ஆளுக்கொரு சொல்

தங்கச்சி, தங்கச்சிமடத்திலிருந்து இங்கிலாந்துக்கு நர்சிங் படிக்க வந்து, முதல் பிளேஸ்மென்டில், அதாவது மருத்துவமனைப் பயிற்சியில், மூன்று வாரத்துக்குள் வேலை சொல்லிக்கொடுக்கும் ஏழு சூப்பர்வைசரைப் பார்த்துவிட்டேன், ஒருத்தர் சொன்னபடி செய்தால் மறுநாள் இன்னொருத்தர் திட்டுகிறார், யார் பேச்சைக் கேட்பது என்று கேட்டிருக்கிறாய். நான் பாம்பன் சின்னப்பாலத்துக்காரி. நானும் இங்கிலாந்தில்தான் படித்து, இப்போது என் வார்டில் மாணவிகளை மதிப்பிடும் அசெஸ்ஸராக இருக்கிறேன்.

முதலில் ஒன்று: உன் வார்டில் மட்டும் நடக்கிற குளறுபடி இல்லை இது. முன்பெல்லாம் ஒரு மாணவிக்கு ஒரு மென்டர், அதாவது வழிகாட்டி நர்ஸ். பிளேஸ்மென்ட் நேரத்தில் 40 சதவீதமாவது அவர் மேற்பார்வையில் இருக்க வேண்டும். 2018-இல் இங்குள்ள நர்சிங் கவுன்சில் அந்த விதியை மாற்றியது. இப்போது பதிவு பெற்ற நர்ஸ், பிசியோ, டாக்டர் என யாரும் சூப்பர்வைசராக இருக்கலாம். ஆனால் நீ தேறினாயா என்று முடிவு செய்பவர் வேறு. வார்டுப் பக்கம் ஒரு அசெஸ்ஸர், பல்கலைக்கழகப் பக்கம் ஒரு அசெஸ்ஸர். அவர்கள் பெரும்பாலும் உன் பக்கத்தில் நிற்பதில்லை; வார்டு அசெஸ்ஸர் அவ்வப்போது நேரில் பார்ப்பார், மற்றபடி சூப்பர்வைசர்கள் எழுதி வைத்ததைத்தான் படிப்பார்கள்.

எனக்கு அது தெரியாமல்தான் அடிபட்டேன். ஒரு சிஸ்டர், "பிரஷர், பல்ஸ் பார்த்ததும் ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்து சொல்" என்பார். அடுத்த ஷிஃப்டில் இன்னொருவர், "ஸ்கோர் ஏறினால் மட்டும் சொல், எல்லாவற்றுக்கும் ஏன் ஓடி வருகிறாய்?" என்பார். (ஸ்கோர் என்றால், அந்த அளவுகளை வைத்து நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று காட்டும் எண்.) நான் இருவருக்கும் பயந்து வாயை மூடிக்கொண்டேன். பிளேஸ்மென்ட் பாதியில் நடக்கும் நடு மதிப்பீட்டில், 'தானாக எதையும் செய்ய முன்வருவதில்லை' என்று எழுதிவிட்டார்கள். அன்று பேருந்தில் அழுதுகொண்டே வந்தேன்.

சின்ன வயதில் அம்மாவோடும் சித்தியோடும் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கப் போவேன். விரலில் துணி சுற்றுவதிலிருந்து மூச்சுப் பிடிப்பது வரை அம்மா ஒன்று சொல்வார், சித்தி வேறு சொல்வார். அங்கே அது எனக்குச் சுமையாகவே இல்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. நேற்று நான் எவ்வளவு ஆழம் போனேன் என்பது இருவருக்கும் தெரியும். வார்டில் திங்கட்கிழமை உன்னைப் பார்த்தவர் வியாழக்கிழமை இருக்க மாட்டார். உன் நேற்றைய நாளை நீதான் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

அதனால் ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரத்தை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்ததுமே அன்றைய சூப்பர்வைசரிடம் போய், "நேற்று இதைத் தனியாகச் செய்தேன், இதற்கு இன்னும் துணை வேண்டும். எதையெல்லாம் உங்களிடம் உடனே சொல்ல வேண்டும்?" என்று கேள். இரண்டு நிமிடம்தான். ஷிஃப்ட் முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போதே மதிப்பீட்டுப் பதிவில் நாலு வரி எழுதச் சொல். "நாளைக்கு எழுதுகிறேன்" என்றால் அந்த நாளைக்கு வரவே வராது. கேட்பது மரியாதைக் குறைவோ என்று தயங்காதே. எங்களுக்கும் அது உதவிதான்.

இருவர் சொல்வது முரணானால், "நேற்று இப்படிக் கற்றுக்கொடுத்தார்கள், இதில் என்ன வித்தியாசம், சிஸ்டர்?" என்று காரணம் கேள். ஒருவர் பல்ஸை ஒரு நிமிடம் முழுக்கக் கையால் எண்ணச் சொல்வார், இன்னொருவர் மெஷின் போதும் என்பார். துடிப்பு சீராக இல்லாதவருக்குக் கையால் எண்ணுவதுதான் சரி. காரணம் தெரிந்தால் யார் பேச்சு என்ற கேள்வியே எழாது. காரணம் கிடைக்காவிட்டால் மருத்துவமனை எழுதி வைத்திருக்கும் விதிமுறையைப் பார்.

யார் சொன்னாலும், மேற்பார்வை இல்லாமல் மருந்து மட்டும் கொடுத்துவிடாதே. "நான் மாணவி, தனியாகச் செய்ய அனுமதி இல்லை" என்று நின்றுவிடு. வற்புறுத்தினால் அன்றே பல்கலைக்கழகத்துக்குச் சொல்.

உன் நடு மதிப்பீடு எந்தத் தேதி என்று எழுது. அதற்கு முந்தின ஞாயிறு போனில் உட்கார்ந்து, நீ என்னென்ன சொல்லப் போகிறாய் என்று ஒரு தடவை பேசிப் பார்ப்போம். அந்தப் பேச்சில் நோயாளி பெயர் மட்டும் எங்கும் வரக் கூடாது.