குறைந்த உடுப்போடு சமாளிக்க எத்தனை சேட்டு வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் கந்தோருக்கும் கோயிலுக்கும் போகிற ஆம்பிளைக்கு எத்தனை உடுப்புக் காணும் என்று கேட்டிருந்தீர்கள். அதை அலுமாரியைப் பார்த்துச் சொல்லேலாது, உடுப்புக் கொடியைப் பார்த்துத்தான் சொல்லலாம்.

சித்திரை வெயிலில் காலையில் தோய்த்த பருத்திச் சேட்டு மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும், நாலே காணும். கார்த்திகை மழையிலோ விறாந்தையில் இரண்டு நாள் தொங்கினாலும் கொலரில் ஈரம் நிற்கும். ஆகவே மாரியைக் கணக்கில் எடுத்து ஆறு வையுங்கள். பொலியெஸ்டர் கெதியாய்க் காயும்தான், ஆனால் வேர்வை மணம் லேசில் போகாது.

வெள்ளை எல்லாத்துக்கும் பொருந்தும் என்பார்கள். நான் நம்பமாட்டேன். எங்கள் கிணற்றுத்தண்ணி சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. சவர்க்காரம் நுரைக்காமல் வெண்படிவாகித் துணியில் ஒட்டும். நான் ஆசைப்பட்டு வாங்கிய வெள்ளைச் சேட்டு இப்போது சைக்கிள் துடைக்கிற துணி. இளநீலம், சாம்பல் எடுங்கள். கறுப்பும் கடும்நீலமுமாக இரண்டு காற்சட்டை போதும்.

வீட்டுக்கு இரண்டு சாரம். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் சேட்டைக் கழற்றித்தானே போகவேண்டும், அதனால் திருவிழா 25 நாளுக்கும் மாற்றிக் கட்ட இரண்டு வேட்டி இருந்தால் சரி. கலியாணவீட்டுக்குப் பட்டுவேட்டி வேணுமென்றால் அண்ணரிடம் இரவல் கேளுங்கள்.