ரிமோட் கார் வயரை நாமே குறைக்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு, நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பிரஷ்லெஸ் (மோட்டாரில் கார்பன் பிரஷ் இல்லாத) ரிமோட் கார் ஒன்றைச் சென்னைக் கடையிலிருந்து ஆன்லைனில் வரவழைத்தேன். சம்பா அறுத்த வயலில்தான் ஓட்டுகிறான். உள்ளே வயர்கள் தேவைக்கு மேல் நீளம். போன வாரம் அரிதாளில் மாட்டி, மோட்டார் வயர் ஒன்று பிடுங்கிக்கொண்டது. நாங்களே சால்டரிங் அயர்ன் வாங்கி வயரைக் குறைக்கலாமா? என்னென்ன வாங்க வேண்டும்? வாரண்டி போய்விடுமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: தாராளமாகச் செய்யலாம். வாரண்டியை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். ஈ.எஸ்.சி. என்கிற வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வந்த தாளில் வாரண்டி பற்றிய பத்தியைப் படியுங்கள். பிளக்கை மாற்ற அனுமதித்தாலும் வயரை வெட்டினால் பொறுப்பில்லை என்று எழுதும் கம்பெனிகள் உண்டு. ஆகவே புதுப் பெட்டி என்றால் வெட்டாமலே நாலைந்து தடவை நன்றாக ஓட்டிப் பாருங்கள். கோளாறு இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். பில்லோடு உடனே புகார் கொடுங்கள். கடை மழுப்பினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கடை சென்னையில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. வயரை வெட்டிய பிறகு போனால் உங்கள் பக்கம் பலவீனமாகிவிடும்.

இனி வெட்டும் வேலை. தொங்குகிற எல்லா வயரையும் வெட்ட வேண்டியதில்லை. முன் சக்கரங்களைத் திருப்பும் சின்ன மோட்டாரான ஸ்டீயரிங் செர்வோவின் மூன்று இழை வயரை விசிறி மடிப்பாக மடித்து, கேபிள் டை போட்டு, சேஸிஸின் ஓரத்தில் கட்டிவிட்டால் போதும். அதை வெட்டினால் பிளக்கின் சின்னப் பின்களைத் திரும்ப அழுத்த க்ரிம்பிங் கருவி வாங்க வேண்டும். ஒரே ஒரு வயருக்கு அது வீண் செலவு.

குறைக்க வேண்டியவை ஈ.எஸ்.சி.யிலிருந்து மோட்டாருக்குப் போகும் மூன்று தடி வயர்களும், பேட்டரிக்குப் போகும் இரண்டும்தான். பேட்டரிப் பக்கம் வயர் குட்டையானால் ஈ.எஸ்.சி.க்கே நல்லது. நீளமாக இருந்தால் மின்னழுத்தம் ஏறி இறங்கி உள்ளிருக்கும் கெப்பாசிட்டர் சூடாகும். மோட்டார் பக்கம் விரலளவு தொய்வு விடுங்கள், பல் சக்கரத்தை மாற்றும்போது மோட்டாரைக் கொஞ்சம் நகர்த்த வேண்டிவரும். சில மோட்டார்களில் வெளியே வரும் வயர் உள்ளே சுற்றிய கம்பியின் நுனியாகவே இருக்கும். அதன் மேல் பூச்சு இருப்பதால் ஈயம் ஒட்டாது. அந்த மாதிரி மோட்டாரில் ஈ.எஸ்.சி. பக்க வயரை மட்டும் குறையுங்கள். பேட்டரியின் சொந்த வயரைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் சிவப்பை வெட்டி, பற்றவைத்து, ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறைக்குழாய்) மூடிய பிறகுதான் கறுப்பு. இரண்டையும் ஒரே வெட்டில் கத்தரித்தால் கட்டிங் பிளேயர் வழியாகவே ஷார்ட் ஆகி, பேட்டரி தீப்பிடிக்கக்கூடும்.

வாங்குவதில் காசை அயர்னில் போடுங்கள். ரேடியோ பழுதுக்கு வைத்திருக்கும் 25 வாட் ஊசி முனை இதற்கு உதவாது. தடி வயர் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் இளகாமல் உருண்டு நிற்கும். 60 வாட், தட்டை முனை வாங்குங்கள். ஈயம் 60/40 போதும். ஈயம் ஒட்டத் தடவும் பேஸ்ட் ரோசின் (மரப்பிசின்) வகையாக இருக்கட்டும். தகரம் ஒட்ட வைத்திருக்கும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம், அதிலும் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து உப்புக்காற்றில் சில மாதத்தில் செம்பில் களிம்பு ஏறிவிடும். பற்றவைக்கும்போது கனெக்டரில் அதன் ஜோடியைச் செருகி வையுங்கள். பிளாஸ்டிக் இளகினாலும் பின் கோணாது. ஸ்லீவை முன்கூட்டியே வயரில் மாட்டிவிடுங்கள்.

பிய்ந்த வயருக்கு மாற்று வாங்கும்போது சிலிகான் உறை கேளுங்கள். வீட்டு வயரின் பி.வி.சி. உறை அயர்ன் சூட்டில் உருகிச் சுருங்கும். அளவை ‘கேஜ்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கார் புத்தகத்தில் இருப்பது அமெரிக்க கேஜ், நம் கடைகளில் பிரிட்டிஷ் கேஜும் புழக்கத்தில் உண்டு. அமெரிக்க 14 என்பது சுமார் 2 சதுர மில்லிமீட்டர், பிரிட்டிஷ் 14 என்பது 3-க்கும் மேல். சதுர மில்லிமீட்டரில் கேட்டால் குழப்பம் வராது. ஒரு இழையைக் கத்தியால் சுரண்டியும் பாருங்கள். மேலே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் வெள்ளீயம் பூசிய நல்ல வயர். மேலே செம்பு, உள்ளே வெள்ளை என்றால் அது அலுமினியம். நானே ஒரு முறை சுரண்டிப் பார்க்காமல் பத்து மீட்டர் அலுமினியம் வாங்கி வந்திருக்கிறேன். பில் இல்லாததால் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. இரண்டு மீட்டர் வயருக்கும் பில் கேளுங்கள்.

கேள்வி: ரிசீவரின் ஏரியல் வயர் இடைஞ்சலாக இருக்கிறது. அதையும் கொஞ்சம் நறுக்கலாமா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரில் உறை நீக்கிய நுனி, சுமார் 3 சென்டிமீட்டர், அதுதான் சிக்னலைப் பிடிக்கிறது. அந்த நீளம் அலைக்கு ஏற்ப அளந்து வைத்தது. சின்னப் பிளாஸ்டிக் குழாயில் செருகி நிமிர்த்தி, மோட்டார் வயரிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். உங்களுடையது பழைய 27 மெகாஹெர்ட்ஸ் வண்டி என்றால் அதன் நீள ஏரியலை வெட்டவும் கூடாது, சுருட்டிக் கட்டவும் கூடாது. செய்தால் வண்டி கைக்கெட்டும் தூரத்திலேயே சொன்னபடி கேட்காமல் ஓடும்.